முள்ளோடைக்குப் போய் பெட்ரோல் போடுவது இனிமேல் கட்டுமா?

மஞ்சக்குப்பத்தான்
5 ஜனவரி 2025, காலை 10:12

ஒன்றாம் தேதியிலிருந்து புதுச்சேரியில் பெட்ரோல், டீசலுக்கு வாட் வரியைக் கூட்டிவிட்டார்கள். லிட்டருக்கு இரண்டு ரூபாய் அளவுக்கு ஏறிவிட்டது. 94 சொச்சத்தில் இருந்த பெட்ரோல் இப்போது 96 சொச்சம். நம்ம கடலூரில் 102 சொச்சம். எட்டு ரூபாய் வித்தியாசம் ஆறு ரூபாயாகிவிட்டது.

ஆறேழு வருடமாக நான் கடலூரில் பெட்ரோல் போட்டதே அபூர்வம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, பெரியகங்கணாங்குப்பம் தாண்டி, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிற முள்ளோடையில் போட்டுக்கொண்டு திரும்புவேன். வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், போக வர பதினெட்டு. இது புத்திசாலித்தனம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். நேற்று ராத்திரி என் பையன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவன், ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான்.

என் வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது. பதினெட்டு கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர், அதாவது 38 ரூபாய். ஒரு தடவைக்கு ஆறு லிட்டர் போடுகிறேன். லிட்டருக்கு எட்டு ரூபாய் மிச்சமானபோது 48 ரூபாய் லாபம், 38 செலவு, கையில் நின்றது பத்து ரூபாய். இப்போது ஆறாறு முப்பத்தாறு. செலவு அதே 38. ஆக இரண்டு ரூபாய் நஷ்டத்துக்கு முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டுகிறேன்.

கணக்கில் தப்பு இருந்தால் யாராவது சொல்லுங்கள். பையனிடம் தோற்க மனமில்லை.


பாகூர் ஏரி
5 ஜனவரி 2025, காலை 10:40

கணக்கு சரிதான் அண்ணே. ஆனால் நீங்கள் முள்ளோடைக்கு வருவது பெட்ரோலுக்கு மட்டும்தானா? எங்கள் பக்கத்தில் பெட்ரோல் பங்குக்கு அடுத்த கடை என்ன கடை என்று ஊருக்கே தெரியும். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் சீட்டைத் தூக்கிப் பார்ப்பதும் பெட்ரோலுக்காக இல்லை.


மஞ்சக்குப்பத்தான்
5 ஜனவரி 2025, காலை 10:44

தம்பி, நான் பெட்ரோலுக்கு மட்டும்தான் வருகிறேன். இதைக் குறித்து வைத்துக்கொள்.


சிப்காட் ஷிப்ட்
5 ஜனவரி 2025, மதியம் 1:05

கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கட்டும். 35 லிட்டர் போட்டால் ஆறு ரூபாய் வீதம் 210 மிச்சம். பதினெட்டு கிலோமீட்டருக்கு என் கார் 1.2 லிட்டர் குடிக்கும், 115 ரூபாய். தொண்ணூற்றைந்து கையில் நிற்கிறது. டேங்க் காலியாக இருக்க வேண்டும், ரோட்டில் நெரிசல் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் மாட்டிக்கொண்டால் அந்தத் தொண்ணூற்றைந்தும் ஏசியிலேயே போய்விடும்.

பாண்டிக்கு தினமும் வேலைக்குப் போகிறவர்கள் பற்றிப் பேச்சே இல்லை. அவர்களுக்கு வழியில்தான் பங்க். பங்குக்கு என்று தனியாகக் கிளம்புகிறவனுக்குத்தான் இடி.


கணக்கு வாத்தியார்
5 ஜனவரி 2025, இரவு 8:31

இந்த இழையைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே எண்ணெய், ஒரே லாரி, ஒரே ரோடு. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு ரூபாய் குறைவு. காரணம் மாநில வரி மட்டும்தான். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதம் வாட், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு நிலையாக உண்டு. டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்த பிறகு வந்த கணக்கு இது. அதே வருடம் நவம்பரில் மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு ஐந்தும் டீசலுக்கு பத்தும் குறைத்தது. அந்தக் கையோடு புதுச்சேரி தன் பங்குக்கு ஏழு ரூபாய் குறைத்தது. கடலூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டியது அப்போதுதான். அந்த ஏழில் இரண்டை இப்போது திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மத்திய வரி இன்றைக்கு லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசு. இதில் அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசுதான். மிச்சமெல்லாம் கூடுதல் கலால், சாலை செஸ், விவசாய செஸ் என்று வேறு பெயர்களில் வருகிறது. மாநிலங்களுக்குப் பங்கு கிடைப்பது அந்த ஒன்று நாற்பதிலிருந்து மட்டும். மாநிலங்கள் தங்கள் வாட்டை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்வதும், ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர யாருமே அவசரப்படாததும் இதனால்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே பெட்ரோலை வெளியே நிறுத்திவிட்டார்கள். இன்னும் அங்கேதான் நிற்கிறது.

எனக்கு இதைவிட சுவாரசியமானது வேறு ஒன்று. பங்கில் வண்டியை நிறுத்தி என்ன சொல்கிறோம்? 'நூறு ரூபாய்க்குப் போடு', 'இருநூறுக்குப் போடு'. லிட்டர் கணக்கில் கேட்கிறவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு தன் கையிலிருந்து விட்டபோது விலை ஐம்பது சொச்சம். நூறு ரூபாய்க்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். இன்றைக்கு அதே நூறுக்கு ஒரு லிட்டர்கூட வராது. ஆனால் கையிலிருந்து போவது அதே நூறு ரூபாய்த் தாள்தான், அதனால் உறைப்பதில்லை. நாலு நாளில் போட்டதை இரண்டு நாளில் போடுகிறோம், அவ்வளவுதான். 'இந்த வண்டி இப்போதெல்லாம் ரொம்பக் குடிக்கிறது' என்று வண்டியைத் திட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.


நேரு வீதி
5 ஜனவரி 2025, இரவு 9:15

வாத்தியார் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். முன்பெல்லாம் மாதம் இரண்டு தடவை, ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் விலை மாறும். முந்தின ராத்திரி எங்கள் புதுவையில் பங்குகளில் கியூ நிற்கும். ஏறப்போகிறது என்று டிவியில் சொன்னால் போதும், தூங்கப் போனவர்கூட சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். 2017 மே மாதம் தினசரி விலை மாற்றத்தை ஐந்து ஊர்களில் சோதித்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று புதுச்சேரி. ஜூன் 16 முதல் நாடு முழுக்க வந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு இருபது காசு, முப்பது காசு. கியூவும் போனது, கோபமும் போனது. 2022 மார்ச் கடைசியில் ஆரம்பித்து பதினாறே நாளில் பத்து ரூபாய் ஏற்றினார்கள். எண்பது எண்பது காசாக. ஒரே ராத்திரியில் பத்து ரூபாய் என்றால் சும்மா விட்டிருப்போமா?

அதற்கப்புறம் விலை ஆடாமல் நிற்கிறது. 2022 மே மாதம் கலால் வரி குறைந்தது, 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைந்தது, அவ்வளவுதான். கச்சா எண்ணெய் விலை நடுவில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியாகிவிட்டது. 'தினசரி மாற்றம்' என்ற பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.


வண்டிப்பாளையம் அக்கா
6 ஜனவரி 2025, காலை 6:02

நீங்கள் எல்லாரும் ஆறு ரூபாய், எட்டு ரூபாய் என்று பேசுகிறீர்கள். நான் பாண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போக வர ஐம்பது கிலோமீட்டர். 2021இல் விலை நூறைத் தாண்டியபோது (சென்னையில் ஜூலை இரண்டாம் தேதி தாண்டியது, நம் மாவட்டத்தில் அதற்கு முன்பே தாண்டிவிட்டது) ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போனேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அந்த மே மாதம்தான் அறிவித்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரை காசு இல்லை. அங்கிருந்து பாண்டிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அப்படியும் பெட்ரோலைவிடக் குறைவுதான்.

மூன்று மாதம் போனேன். பகல் ஷிப்ட் என்றால் தொல்லை இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு டூட்டி முடிந்து பஸ் பிடித்து, கடலூர் வந்து இறங்கினால் டவுன் பஸ் நின்றுபோயிருக்கும். ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். திரும்ப ஸ்கூட்டியை எடுத்தேன். இப்போது தெருவிலேயே இன்னொரு பெண், பாண்டியில் துணிக்கடையில் வேலை செய்கிறவர், என்னோடு வருகிறார். ஒரு வாரம் என் வண்டி, ஒரு வாரம் அவர் வண்டி. செலவு சரிபாதி. ஆனால் அவர் கடை மூடும் வரை நான் தவளக்குப்பத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த முக்கால் மணி நேரத்துக்கு யார் விலை போடுவார்கள்?


கணக்கு வாத்தியார்
6 ஜனவரி 2025, காலை 7:20

அக்கா, பொருளாதாரப் பாடத்தில் 'விலை நெகிழ்ச்சி' என்று ஒரு அத்தியாயமே வைத்து நடத்துகிறதை நீங்கள் ஒரு டீக்கடை பெஞ்சில் சொல்லிவிட்டீர்கள். பெட்ரோல் விலை பத்து சதவீதம் ஏறினால் உடனடியாகக் குறைகிற பயன்பாடு ஒன்றிலிருந்து மூன்று சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. வேலைக்குப் போயாக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட்டாக வேண்டும். வண்டி மாற்றுவது, வீடு மாற்றுவது, வேலை மாற்றுவது எல்லாம் வருடக்கணக்கில் நடப்பவை. அதனால் நாள்பட்ட குறைவு இதைவிடக் கூடுதலாக இருக்கும்.


முதுநகர் துறைமுகம்
6 ஜனவரி 2025, பிற்பகல் 3:48

கரையில் இருக்கிறவர்கள் பஸ்ஸுக்கு மாறலாம். கடலில் எதுக்கு மாறுவது? எங்களுக்கு வரிவிலக்கு டீசல் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அந்த அளவு வருடம் முழுக்கப் போதாது. மிச்சத்துக்கு வெளிவிலைதான். ஐஸ் விலை ஏறினாலும் டீசல் விலை ஏறினாலும் மீன் விலையை நாங்கள் ஏற்ற முடியாது. ஏலத்தில் என்ன கேட்கிறார்களோ அதுதான். லாரிக்காரர் வாடகையில் சேர்த்துக்கொள்வார், காய்கறிக்காரர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் வைப்பார். நாங்கள் யார் தலையில் வைப்பது?

நாங்கள் செய்தது ஒன்றுதான். முன்பு மீன் இல்லை என்றால் இன்னும் தள்ளிப் போய்ப் பார்ப்போம். இப்போது பக்கத்திலேயே வலை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஃபைபர் படகுக்காரர்கள் இரண்டு வீடு சேர்ந்து ஒரே படகில் போகிறார்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாள் டீசல் செலவே இல்லை, வருமானமும் இல்லை.


கெடிலக்கரை
6 ஜனவரி 2025, இரவு 10:10

யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பெரியகுப்பம் கடற்கரையில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை கட்டினார்கள். கடலூருக்கே பெட்ரோல் மலிவாகிவிடும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தோம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது. பலா, முந்திரி எல்லாம் போன அதே காற்றில் ஆலையும் போனது. எழும்பவே இல்லை.


கணக்கு வாத்தியார்
6 ஜனவரி 2025, இரவு 10:26

எழும்பியிருந்தாலும் மலிவாகியிருக்காது. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. ஆலை வாசலில் விலை போடுவதும் உலகச் சந்தையைப் பார்த்துத்தான். ஆலை ஊரில் இருந்தால் டேங்கர் லாரி வாடகைதான் கொஞ்சம் குறையும். சென்னையில் 100 ரூபாய் 80 காசுக்கு விற்கிறது கடலூருக்கு வரும்போது ஒன்றிரண்டு ரூபாய் கூடுவது அந்த வகையில்தான்.


செம்மண்டலம் மெக்கானிக்
7 ஜனவரி 2025, இரவு 9:50

நாள் முழுக்க வண்டிகளோடு இருக்கிறவன் என்பதால் சில விஷயம் சொல்கிறேன்.

விலை ஏறும்போதெல்லாம் என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: 'மைலேஜ் கூட்டிக் கொடு.' கார்புரேட்டர் காலத்தில் ஸ்க்ரூவைத் திருகிக் கொடுத்தோம். வண்டி இழுக்காது, எஞ்சின் சூடாகும், ஆனாலும் கஸ்டமருக்கு சந்தோஷம். இப்போது வருகிற வண்டிகளில் திருகுவதற்கு ஸ்க்ரூவே இல்லை. டயரில் காற்று சரியாக வையுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், ஐம்பதுக்கு மேல் முறுக்காதீர்கள். இதைச் சொன்னால் 'இதுக்கு உன்கிட்ட ஏன் வரணும்' என்று கேட்கிறார்கள்.

விடியற்காலை போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும், அளவு கூடும் என்கிறார்கள். ஒரு டிகிரி சூடு கூடினால் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும், அது உண்மை. ஆனால் பங்க் டேங்க் பூமிக்குள் இருக்கிறது. காலையிலும் மதியமும் அங்கே சூடு பெரிதாக மாறாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நூறுக்குப் பதில் நூற்றுப்பத்துக்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்று நினைப்பதும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லா பங்கிலும் முத்திரை வைத்த பாத்திரம் இருக்க வேண்டும், கேட்டால் காட்டியாக வேண்டும். நான் ஒரு பங்கில் (பெயர் வேண்டாம்) கேட்டேன். சாவி முதலாளியிடம் இருக்கிறது என்றார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தேன். சாவி வந்தது.

அப்புறம் எத்தனால். அதில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கலப்பு கூடக் கூட மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பெரிய தொல்லை தண்ணீர். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு டேங்க் அடியில் தங்கிவிடும். ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் பெண்ணையாற்று வெள்ளம் வந்ததே, தாழங்குடா, நாணமேடு பக்கமிருந்து எத்தனை வண்டி வந்தது தெரியுமா? டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் முதலில் வந்தது தண்ணீர்தான். அந்த மாதம் பெட்ரோல் விலையை யாரும் கேட்கவில்லை.


நேரு வீதி
8 ஜனவரி 2025, காலை 8:30

யாரும் எலக்ட்ரிக் பேச்சை எடுக்கவில்லையே? நான் மாறி ஒரு வருடம் ஆகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறேன், முப்பது யூனிட் சொச்சம்தான் இழுக்கிறது.


சிப்காட் ஷிப்ட்
8 ஜனவரி 2025, காலை 9:02

உங்களுக்குப் புதுவை மின்சாரம். எங்கள் பக்கத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் மாறிவிடும். வீட்டில் ஏசி ஓடுகிற மே மாதத்தில் 480இல் நிற்கிறவர் வண்டிக்கு 60 யூனிட் சேர்த்தால் அந்த 60க்கு மட்டும் கட்டுவதாக நினைத்தால் தப்பு. அப்படியும் பெட்ரோலைவிட மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வண்டி கீழே, பிளக் மேலே.


பாகூர் ஏரி
8 ஜனவரி 2025, காலை 9:20

எங்கள் பக்கத்து பங்கில் போன வாரம் ஒருவர் தண்ணீர் கேன் கொண்டுவந்து இருபது லிட்டர் கேட்டார். பிளாஸ்டிக்கில் ஊற்றக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டியில் முன்னாடி குழந்தை உட்கார்ந்திருந்தது. ஆறு ரூபாய்க்காக ஒரு குண்டைக் கட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார்கள், அதையும் பாருங்கள்.


மஞ்சக்குப்பத்தான்
9 பிப்ரவரி 2025, இரவு 8:05

இழையை மேலே தூக்குகிறேன். ஜனவரி பத்திலிருந்து ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதினேன். தேதி, எங்கே போனேன், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பெட்ரோல். இனிமேல் ரூபாய்க் கணக்கு இல்லை, லிட்டர் கணக்குதான் என்று பங்கில் 'மூன்று லிட்டர்' என்றேன். பங்க் பையன் இரண்டு தடவை திரும்பக் கேட்டான்.

மொத்தம் 640 கிலோமீட்டர். ஆபீசுக்கு 290. பொங்கலுக்கு மாமனார் வீடு பண்ருட்டி, போக வர ஐம்பது சொச்சம். மிச்சத்தில் 170 கிலோமீட்டர் எதற்கு என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கொத்தமல்லிக்கு ஒரு தடவை, மறந்துபோன தேங்காய்க்கு ஒரு தடவை, மாலையில் சில்வர் பீச் காற்று வாங்க, டீ குடிக்க, டீ குடித்த இடத்தில் விட்ட குடையை எடுக்க. கிட்டத்தட்ட நான்கு லிட்டர். முள்ளோடைக்குப் போய் ஒரு வருடம் சேர்த்த லாபமும் இந்த ஒரு மாதத்துக் கொத்தமல்லியும் சரியாகப் போய்விட்டது.

இப்போது டீக்கடைக்கு நடந்து போகிறேன். பாண்டியில் வேறு வேலை இருந்தால் மட்டும் அங்கே டேங்கை நிரப்புகிறேன். இந்த மாதம் எவ்வளவு குறைகிறது என்று மார்ச்சில் எழுதுகிறேன்.

ஒரே சிக்கல். நோட்டு வீட்டம்மா கையில் மாட்டிக்கொண்டது. ஜனவரி 18 சனிக்கிழமை, முள்ளோடை, 18 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறது, பெட்ரோல் எத்தனை லிட்டர் என்ற கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கிறார்.


பாகூர் ஏரி
9 பிப்ரவரி 2025, இரவு 8:11

பங்கில் அன்றைக்கு ஸ்டாக் இல்லை என்று சொல்லுங்கள் அண்ணே. நான் சாட்சிக்கு வருகிறேன்.